பட்டம் வாங்காத அதிபர் ட்ரூமன்: புத்திசாலியா, அதிர்ஷ்டக்காரரா?

கேட்டவர் நாலைந்து வரிதான் எழுதியிருந்தார். "கல்லூரிப் பட்டம் கிடையாது. கடை வைத்து நொடித்துப்போனவர். ரூஸ்வெல்ட் இறந்ததால் அதிபரானார். இரண்டு அணுகுண்டு போட்டார். பதவியை விட்டுப் போகும்போது சொந்த நாட்டு மக்களுக்கே அவரைப் பிடிக்கவில்லை. இந்த ஹாரி ட்ரூமனை எப்படி அமெரிக்காவின் முதல் பத்து அதிபர்களில் ஒருவராக வைக்கிறார்கள்? அவர் உண்மையிலேயே புத்திசாலியா, இல்லை எல்லாம் அதிர்ஷ்டமா?" இதற்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. மூளை எப்படி, மனுஷன் எப்படி, விட்டுவிட்டுப் போனது என்ன. மூன்றுக்கும் ஒரே விடை வந்துவிடும் என்று நினைத்துக் கேட்டிருக்கிறீர்கள். வராது. ஒவ்வொன்றுக்கும் வேறு விடை வருவதால்தான் இந்த மனிதரைப் பற்றி இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நான் அரசு கலைக் கல்லூரிகளில் முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு நடத்தியவன். பி.ஏ. வரலாற்றில் அமெரிக்க வரலாறு என்று ஒரு தாள் உண்டு. மாணவர்கள் வாஷிங்டன், லிங்கன் எல்லாம் கதை மாதிரி கேட்பார்கள். ட்ரூமனுக்கு வரும்போது "ட்ரூமன் கோட்பாடு: சிறுகுறிப்பு வரைக" என்ற ஐந்து மதிப்பெண்ணோடு நிறுத்திக்கொள்வார்கள். பல வருடம் நானும் அந்த ஐந்து மதிப்பெண்ணுக்குத்தான் நடத்தினேன். அவருடைய நாட்குறிப்பும், மனைவி பெஸ்ஸுக்கு எழுதிய கடிதங்களும் கையில் கிடைத்த பிறகுதான் ஆள் பிடிபட ஆரம்பித்தார். ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து தூசி தட்டியவன் இல்லை நான். அச்சில் வந்ததைப் படித்தவன். ஜப்பானிய, ரஷ்ய ஆவணங்களெல்லாம் எனக்கு மொழிபெயர்ப்பு வழியாகத்தான். அந்த அளவுக்குள் நின்று சொல்கிறேன்.

முதலில் படிப்பு. 20ஆம் நூற்றாண்டில் புதிதாகப் பதவிக்கு வந்த அமெரிக்க அதிபர்களில் கல்லூரிப் பட்டம் இல்லாதவர் இவர் ஒருவர்தான் என்பது உண்மை. ஆனால் அது படிப்பு ஏறாத கதை இல்லை. 1884இல் மிசூரி மாநிலத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே கண்ணில் கோளாறு, சோடாபுட்டிக் கண்ணாடி. அந்தக் காலத்தில் கண்ணாடி விலை அதிகம், உடைந்தால் வாங்க முடியாது என்று வீட்டில் ஓடியாடி விளையாட விடவில்லை. மிஞ்சியது புத்தகமும் பியானோவும். ஊர் நூலகத்தில் இருந்த அத்தனை புத்தகத்தையும் பதின்மூன்று பதினான்கு வயதுக்குள் படித்து முடித்துவிட்டதாகப் பின்னாளில் அவரே சொல்லிக்கொண்டார். நான் அதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் நம்புவேன். எல்லாரும் தன் பிள்ளைப்பருவத்தைப் பற்றிக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். ஆனால் புளூட்டார்க் எழுதிய கிரேக்க, ரோமானிய வாழ்க்கை வரலாறுகளை ஊறப் படித்தவர் என்பதில் சந்தேகம் இல்லை. ராணுவக் கல்லூரியில் சேர ஆசை, கண் விடவில்லை. அப்பா தானிய ஊக வியாபாரத்தில் காசை விட்டார். கல்லூரிக் கனவு அதோடு போயிற்று. வங்கியில் குமாஸ்தா வேலை, பிறகு பத்து வருடத்துக்கு மேல் குடும்பப் பண்ணையில் ஏர் பிடித்தது, இடையில் தேசியக் காவல்படையில் சேர்வதற்காகக் கண் பரிசோதனை அட்டையை மனப்பாடம் செய்துகொண்டு போய் ஒப்பித்தது, நாற்பதை நெருங்கும் வயதில் மாலைநேரச் சட்டக் கல்லூரியில் சேர்ந்து பாதியில் விட்டது என்று போகிறது கதை.

முதல் உலகப்போரில் பிரான்சில் ஒரு பீரங்கிப் படைப்பிரிவுக்கு கேப்டன். இதைப் பலர் வீரக் கதையாக மட்டும் சொல்வார்கள். பீரங்கி அதிகாரிக்கு முதல் தேவை கணக்கு: தூரம், கோணம், காற்று, குண்டு எங்கே விழும். படிப்பு அரைகுறை என்று சொல்லப்படும் மனிதர் அந்தப் பயிற்சியில் தேறி, 1918இல் மியூஸ் ஆர்கோன் சண்டையில் படைப்பிரிவை நடத்திக்காட்டியவர். ஆக, மூளை இருந்ததா என்றால், நிச்சயம் இருந்தது. என்ன மாதிரி மூளை என்பதுதான் விஷயம். வக்கீல் முன்தீர்ப்பு தேடுகிற மாதிரி அவர் வரலாற்றைப் படித்தார். ஒரு பிரச்சினை வந்தால் 'இதே மாதிரி முன்னால் எப்போது நடந்தது' என்று தேடுவார், கிடைத்ததும் முடிவெடுத்துவிடுவார். 1950 ஜூனில் வடகொரியா படையெடுத்த செய்தி வந்தபோது அவர் சொந்த ஊரில் இருந்தார். வாஷிங்டனுக்கு விமானத்தில் திரும்பும்போது மஞ்சூரியா, எத்தியோப்பியா, ஆஸ்திரியா என்று ஆக்கிரமிப்பை யாரும் தடுக்காமல் விட்ட 1930களை நினைத்துக்கொண்டு வந்ததாகப் பின்னர் எழுதினார். இறங்கும்போதே மனதில் பாதி முடிவு ஆகியிருந்தது. கொரியர்களுக்கு என்று தனியாக ஒரு வரலாறு, 1945இல் நடுவில் கோடு கிழித்த வரலாறு, அந்தப் பயணத்தில் வந்துபோனதாகத் தெரியவில்லை.

வேகம் அவருடைய பெருமை. ஹைட்ரஜன் குண்டு செய்வதா வேண்டாமா என்று 1950 ஜனவரி 31 அன்று நடந்த கூட்டம் ஏழே நிமிடம். ரஷ்யாவால் முடியுமா என்று கேட்டார், முடியும் என்றார்கள், அப்புறம் என்ன என்று முடித்துவிட்டார். வெளியுறவுத் துறை டீன் அச்சிசன் போன்றவர்களுக்கு இந்த வேகம் மிகவும் பிடிக்கும். ரூஸ்வெல்ட்டிடம் ஒரு பதில் வாங்குவதற்குள் தாடி நரைத்துவிடும் என்ற அனுபவத்தோடு வந்தவர்கள் பலர். ஆனால் அதே வேகம் வழுக்கியும் விட்டிருக்கிறது. 1946 செப்டம்பரில் வர்த்தக அமைச்சர் ஹென்றி வாலஸ் ரஷ்யாவுடன் இணங்கிப் போகவேண்டும் என்று ஒரு பேச்சைத் தயாரித்துக்கொண்டு வந்து காட்டினார். ட்ரூமன் மேலோட்டமாகப் புரட்டிவிட்டுச் சரி என்றார். நிருபர்கள் கேட்டபோது முழுப் பேச்சுக்கும் என் ஒப்புதல் உண்டு என்று வேறு சொல்லிவைத்தார். அந்த நேரம் பாரிஸில் ரஷ்யர்களோடு எதிரும் புதிருமாகப் பேசிக்கொண்டிருந்தவர் அவருடைய சொந்த வெளியுறவு அமைச்சர் பைர்ன்ஸ்! ஒரே வாரத்தில் வாலஸை வீட்டுக்கு அனுப்பவேண்டியதாயிற்று.

வெள்ளை மாளிகையில் அவர் மேசை மேல் ஒரு மரப்பலகை இருந்தது. பொறுப்பு இதைத் தாண்டிப் போகாது, பழியை இன்னொருவர் தலையில் கட்டமுடியாது என்ற பொருளில் ஒரு வாசகம். உலகம் முழுக்கப் பிரபலம். அது வந்தவர்கள் பார்க்கும் பக்கம். அவர் பக்கம் திரும்பியிருந்த மறுபுறத்தில் "நான் மிசூரிக்காரன்" என்று எழுதியிருந்தது. மிசூரிக்காரனுக்கு அங்கே ஒரு பெயர் உண்டு: வாயால் சொன்னால் நம்பமாட்டான், கண்ணால் காட்டினால்தான் நம்புவான். நான் ட்ரூமனைப் பற்றி வகுப்பில் சொல்லி வந்ததெல்லாம் கடைசியில் இந்தப் பலகையின் இரண்டு பக்கத்துக்குள் அடங்கும். முன்பக்கத்துக்கு அவர் கடைசிவரை உண்மையாக இருந்தார். பின்பக்கத்துக்கு எப்போதும் இருக்கவில்லை. பொறுப்பை ஏற்பதில் தயங்கியதே இல்லை; எதற்குப் பொறுப்பேற்கிறோம் என்பதைக் காட்டு என்று கேட்கவேண்டிய இடத்தில் சில தடவை கேட்கவில்லை.

அணுகுண்டு அப்படிப்பட்ட இடம். நீங்கள் "போட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். பொறுப்பு அவருடையது, அதை அவரும் மறுத்ததில்லை. ஆனால் அவர் நாட்கணக்கில் நடைபோட்டு, போடலாமா வேண்டாமா என்று எடைபோட்டு முடிவெடுத்தார் என்ற சித்திரம் பின்னால் வரைந்தது. துணை அதிபராக இருந்த 82 நாளில் ரூஸ்வெல்ட் அவரிடம் குண்டைப் பற்றி மூச்சே விடவில்லை. 1945 ஏப்ரல் 12 மாலை பதவியேற்ற கையோடு, போர் அமைச்சர் ஸ்டிம்சன் பெரியதாக ஓர் ஆயுதம் தயாராகிறது என்று மட்டும் காதில் போட்டார். முழு விவரம் ஏப்ரல் 25 அன்றுதான். அதற்குள் மூன்று வருட வேலை, கோடிக்கணக்கில் பணம், பல்லாயிரம் ஆட்கள் என்று வண்டி மலையிறக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஜூலை 25 தேதியிட்ட ராணுவ உத்தரவில், முதல் குண்டுக்குப் பிறகு அடுத்தடுத்த குண்டுகள் தயாரானதும் போட்டுக்கொண்டே போகலாம் என்ற பொருள் இருக்கிறது. அதில் கையெழுத்து ட்ரூமனுடையது இல்லை, ஒரு ஜெனரலுடையது. திட்டத்தை நடத்திய ஜெனரல் குரோவ்ஸ், ட்ரூமன் எடுத்தது குறுக்கே போகாமல் இருக்கும் முடிவுதான் என்று பின்னர் எழுதினார். குரோவ்ஸுக்குத் தன் பங்கைப் பெரிதாகக் காட்டும் ஆசை உண்டு என்பதையும் சேர்த்தே இதைப் படிக்கவேண்டும்.

அதே ஜூலை 25 அன்று ட்ரூமன் தன் நாட்குறிப்பில், இலக்கு ராணுவ நிலைகளும் படைவீரர்களும்தான், பெண்களும் குழந்தைகளும் அல்ல என்று எழுதிவைத்தார். ஹிரோஷிமாவில் அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் சுமார் 1,40,000 பேர், பெரும்பாலோர் ஊர்மக்கள். இந்தப் பக்கத்தை எப்படிப் படிப்பது? தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டார் என்பது ஒரு கட்சி. நாளைக்கு யாராவது படிப்பார்கள் என்று எழுதிவைத்தார் என்பது இன்னொரு கட்சி. ஹிரோஷிமா ஒரு முழு நகரம் என்பதே அவருக்குச் சரியாகப் பதியவில்லை, ஸ்டிம்சன் கோயில் நகரமான கியோட்டோவை இலக்குப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி வாதாடியபோது மற்றது ராணுவத் தளம் என்று நினைத்துக்கொண்டார் என்பது அண்மைக்காலத்தில் வலுவாக முன்வைக்கப்படும் மூன்றாவது வாதம். எனக்கு மூன்றாவது பொருத்தமாகப் படுகிறது. அதை நிரூபிக்க முடியாது. ஆனால் அடுத்து நடந்தது அதோடு ஒத்துப்போகிறது. நாகசாகிக்கு மறுநாள், ஆகஸ்ட் 10 அன்று, என் நேரடி உத்தரவு இல்லாமல் இனி ஒரு குண்டும் கூடாது என்று நிறுத்தினார். இன்னும் ஒரு லட்சம் பேரை அழிப்பதை நினைத்தாலே பயங்கரமாக இருக்கிறது, அத்தனை குழந்தைகளைக் கொல்வது பிடிக்கவில்லை என்று அமைச்சரவையில் சொன்னதாக அதே வாலஸின் குறிப்பு சொல்கிறது. படங்களும் அறிக்கையும் மேசைக்கு வந்த பிறகு பேசுகிற பேச்சு அது. அதாவது காட்டிய பிறகு. அவரை நியாயப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். முன்னாலேயே காட்டச் சொல்லியிருக்க வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவர். ஐந்து லட்சம் அமெரிக்க உயிர்களைக் காப்பாற்றினேன் என்று பின்னாளில் சொன்ன எண்ணும் நிற்காது. 1945 ஜூன் 18 அன்று படையெடுப்புத் திட்டம் பற்றி அவர் முன்னால் நடந்த கூட்டத்தின் பதிவில் அந்த எண் இல்லை. குண்டு இல்லாமலே ஜப்பான் அந்த மாதம் பணிந்திருக்குமா, ரஷ்யா போரில் இறங்கியதே போதுமானதாக இருந்திருக்குமா என்பது நேர்மையான ஆய்வாளர்கள் இரு பக்கமும் நிற்கும் கேள்வி. அதில் அடித்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

குணத்துக்கு வருவோம். முதல் உலகப்போர் முடிந்து வந்து, ராணுவ நண்பர் எடி ஜேக்கப்சனோடு கன்சாஸ் சிட்டியில் சட்டை, டை, தொப்பி விற்கும் கடை போட்டார். 1922இல் மூடினார்கள். திவால் மனு கொடுத்துத் தப்பித்திருக்கலாம். கொடுக்காமல் பதினைந்து வருடம் போலக் கடனை அடைத்துக்கொண்டிருந்தார். சரி, யோக்கியர். ஆனால் இந்த யோக்கியரை அரசியலில் ஏற்றிவிட்டவர் டாம் பெண்டர்காஸ்ட், கன்சாஸ் சிட்டியைக் கைக்குள் வைத்திருந்த அரசியல் தாதா. கள்ள ஓட்டு, சிமெண்ட் கான்ட்ராக்ட், சூதாட்ட மாமூல் எல்லாம் உண்டு. உள்ளூர் நிர்வாகத்தில் சாலை போடும் பொறுப்பில் இருந்த ட்ரூமன் சொந்தமாக ஒரு காசு தொட்டதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் பெரிய திட்டத்தைக் காப்பாற்றுவதற்காகக் கூட்டத்தில் சிலர் கொஞ்சம் திருட விட்டேன், நான் செய்தது சரியா என்று ஒரு ஓட்டல் அறையில் உட்கார்ந்து தனக்குத்தானே எழுதிக்கொண்ட தாள்கள் கிடைத்திருக்கின்றன. நம் ஊர் நேர்மையான பொறியாளர் யாராவது இதைப் படித்தால் தலையாட்டுவார். பெண்டர்காஸ்ட் வரி ஏய்ப்பில் சிறைக்குப் போய்வந்து 1945 ஜனவரியில் இறந்தபோது, துணை அதிபராகி ஒரு வாரம் ஆன ட்ரூமன் விமானம் ஏறிச் சாவுக்குப் போனார். பத்திரிகைகள் கிழித்தன. அவருக்கு அது நன்றிக் கடன். விசுவாசம் என்பது அவரிடம் நல்ல குணமாகவும் குருட்டுப் புள்ளியாகவும் ஒரே உடம்பில் இருந்தது.

கோபமும் அப்படியே. இரவில் உட்கார்ந்து ஆத்திரத்தோடு கடிதம் எழுதி, காலையில் அனுப்பாமல் இழுப்பறையில் போடும் வழக்கம் உள்ளவர். அப்படி எழுதிய ஒன்று தபாலில் போய்விட்டது. 1950 டிசம்பர் 5 அன்று மகள் மார்கரெட் வாஷிங்டனில் பாடினார். அதே நாளில்தான் பள்ளித் தோழரும் பத்திரிகைச் செயலருமான சார்லி ராஸ் மேசையிலேயே சாய்ந்து இறந்திருந்தார். கொரியாவில் சீனப்படை அமெரிக்கப் படையைத் துரத்திக்கொண்டிருந்தது. மறுநாள் காலைப் பத்திரிகையில் பால் ஹியூம் என்ற விமர்சகர், மார்கரெட்டுக்குப் பாட்டு வரவில்லை என்று எழுதியிருந்தார். அதிபர் கைப்பட எழுதினார்: உன்னை ஒருநாள் சந்திப்பேன் என்று நம்புகிறேன், அப்போது உனக்குப் புது மூக்கு தேவைப்படும், வீங்கிய கண்ணுக்கு ஒத்தடம் வைக்க நிறைய மாட்டிறைச்சி தேவைப்படும். ஊர் சிரித்தது. எல்லாரும் சிரிக்கவில்லை. கொரியாவில் மகனைப் பறிகொடுத்த ஒரு தந்தை, இறந்தவனுக்குக் கொடுத்த பதக்கத்தை ட்ரூமனுக்கே திருப்பி அனுப்பினார். எங்கள் மகனுக்குக் கொரியாவில் கிடைத்தது உங்கள் மகளுக்கும் கிடைக்கவில்லையே என்பதுதான் எங்கள் பெரிய வருத்தம் என்று உடன் ஒரு கடிதம். அந்தக் கடிதமும் பதக்கமும் ட்ரூமன் இறந்த பிறகு, 1972க்குப் பின், அவர் நூலகத்தில் வைத்திருந்த மேசை இழுப்பறையில் கிடைத்தன. முடிவெடுத்தால் திரும்பிப் பார்க்கமாட்டேன், தூக்கம் கெடாது என்று அவர் எத்தனையோ தடவை சொன்னதுண்டு. நான் அந்த இழுப்பறையைக் கொஞ்சம் அதிகம் நம்புகிறேன்.

கறுப்பின மக்கள் விஷயத்தில்தான் அவர் எனக்கு மிகவும் ஆச்சரியம். அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தின் வாரிசு. வாலிபத்தில் பெஸ்ஸுக்கு எழுதிய கடிதங்களில் கறுப்பரையும் சீனரையும் பற்றி வாயில் வைக்க முடியாத வார்த்தைகள். 1946 பிப்ரவரியில் ஐசக் வுடார்ட் என்ற கறுப்பின ராணுவ சார்ஜென்ட், போர் முடிந்து சீருடையோடு பஸ்ஸில் ஊர் திரும்பும் வழியில், தென் கரோலினாவில் போலீஸ் அதிகாரி அடித்து இரண்டு கண்ணும் போனது. செப்டம்பரில் இதைக் கேட்ட ட்ரூமன், இவ்வளவு மோசம் என்று எனக்குத் தெரியாது என்றாராம். அந்த ஆண்டே குடிமை உரிமைகளுக்கான குழு அமைத்தார்; 1948 ஜூலை 26 அன்று, தேர்தலுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, படைகளில் சம வாய்ப்பு என்று ஆணை 9981 பிறப்பித்தார். அவருடைய சொந்தக் கட்சியான ஜனநாயகக் கட்சியின் தென்மாநிலத்தார் ஏற்கெனவே பிரிந்துபோய்த் தனி வேட்பாளர் நிறுத்தியிருந்தார்கள். கறுப்பர் ஓட்டுக்காகச் செய்தார் என்பார்கள். அதுவும் இருந்தது, ஏன் இருக்கக்கூடாது? ஆனால் ஓட்டுக்கணக்கு மட்டும் பார்ப்பவர் அந்த அளவு இழக்கத் துணியமாட்டார். இதை வைத்து மனம் மாறிய மகான் ஆக்கிவிடவும் வேண்டாம். 1960களில் உள்ளிருப்புப் போராட்டம் நடத்திய இளைஞர்களைப் பற்றி அவர் பேசியதெல்லாம் எரிச்சலான கிழவர் பேச்சு. சீருடை போட்டவனை அடித்தது அவருக்குப் பொறுக்கவில்லை. ஓட்டல் மேசையில் உட்கார விடு என்று கேட்டவனை அவருக்குப் புரியவில்லை.

கொரியாவில் நமக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. 1950 செப்டம்பரில் அங்கே படைகளுக்குத் தலைமை தாங்கிய அமெரிக்க ஜெனரல் மக்ஆர்தர் இன்சோன் துறைமுகத்தில் இறங்கி வடகொரியப் படையைச் சிதறடித்தார். இரண்டு கொரியாவையும் பிரித்த 38ஆம் அட்சக்கோட்டைத் தாண்டி வடக்கே போவதா என்பது கேள்வி. அக்டோபர் 2 நள்ளிரவு தாண்டி, பெய்ஜிங்கில் இந்தியத் தூதர் கே.எம். பணிக்கரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி வரவழைத்து, அமெரிக்கப் படை கோட்டைத் தாண்டினால் சீனா தலையிடும் என்று சீனப் பிரதமர் சௌ என்லாய் சொன்னார். டெல்லி வழியாக அந்தச் செய்தி வாஷிங்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. பணிக்கர் சீனர்களுக்குச் சாதகமாகப் பேசுபவர், அவர் வார்த்தையை நடுநிலைச் சாட்சியாக எடுக்க முடியாது என்று ஒதுக்கினார்கள். ட்ரூமனே பின்னாளில் அப்படித்தான் எழுதினார். இரண்டு வாரம் கழித்து வேக் தீவில் மக்ஆர்தரை நேரில் சந்தித்து, சீனா வருமா என்று கேட்டார். வாய்ப்பு குறைவு என்றார் மக்ஆர்தர். அதை நம்பினார். நாலைந்து நாளில் சீனப்படை எல்லையில் ஓடும் யாலு ஆற்றைக் கடக்க ஆரம்பித்துவிட்டது. தன் ஆள் சொன்னதையும் காட்டு என்று கேட்டிருக்கவேண்டும். அந்நியன் சொன்னதையாவது சோதித்திருக்கவேண்டும். என் கணக்கில் அவர் செய்த மிகப் பெரிய தவறு இதுதான். கோட்டில் நின்றிருந்தால் போர் 1950லேயே முடிந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்லமுடியாது. ஆனால் 1953 ஜூலையில் நின்றபோது எல்லை ஏறக்குறைய தொடங்கிய இடத்திலேயே இருந்தது. அமெரிக்கர்கள் 36,000க்கு மேல், கொரியர்கள் லட்சக்கணக்கில் மாண்டிருந்தார்கள். போர்க்கைதிகளை அவர்கள் விருப்பம் இல்லாமல் திருப்பி அனுப்பமாட்டேன் என்று ட்ரூமன் பிடித்த பிடிவாதத்தாலும் பேச்சுவார்த்தை இழுத்தது. அந்த முடிச்சை அவிழ்க்க 1952 கடைசியில் ஐ.நா.வில் தீர்மானம் கொண்டுவந்தது இந்தியா, பிறகு கைதிகள் ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் ஜெனரல் திம்மய்யா. இவ்வளவு மனக்கசப்புக்கு நடுவிலும், இந்தியாவில் மழை பொய்த்துத் தானியம் இல்லாமல் தவித்த 1951இல், முணுமுணுத்த அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸை இழுத்து 19 கோடி டாலர் தானியக் கடனுக்குச் சட்டம் போடவைத்தவரும் இதே ட்ரூமன்தான்.

மக்ஆர்தரை 1951 ஏப்ரலில் நீக்கியது மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லாத சரி. சீனாவுக்கே போரை நீட்டவேண்டும் என்று வெளிப்படையாக எதிர்க்கட்சித் தலைவருக்குக் கடிதம் எழுதிய ஜெனரல் அவர். ஊரே ஜெனரல் பக்கம் நின்றது. அதிபரின் கொடும்பாவி எரித்தார்கள். 1952 தொடக்கத்தில் கேலப் நிறுவனத்தின் மக்கள் கருத்துக் கணிப்பில் அவருக்கு ஆதரவு 22 சதவீதம். ராணுவம் மக்கள் தேர்ந்தெடுத்தவருக்குக் கீழேதான் என்பதை அந்த விலை கொடுத்து நிலைநாட்டினார்.

விட்டுப்போனதைப் பட்டியல் போட்டால் மலைப்பாக இருக்கும். கம்யூனிசம் பரவாமல் தடுக்க உதவி என்ற அந்த ட்ரூமன் கோட்பாடு: 1947 மார்ச்சில் கிரீஸுக்கும் துருக்கிக்கும் 40 கோடி டாலர். போரில் நொறுங்கிய ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்திய மார்ஷல் திட்டம்: பதினாறு நாடுகளுக்கு நாலு வருடத்தில் சுமார் 1,300 கோடி டாலர். அதற்குத் தன் பெயரை வைக்க ஆசைப்படாமல் தன் வெளியுறவு அமைச்சர் மார்ஷல் பெயரை வைத்தது கெட்டிக்காரத்தனம். என் பெயரோடு போனால் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சி கையில் இருக்கும் காங்கிரஸில் துடித்துச் செத்துவிடும் என்று கணக்குப் போட்டவர். தன்னைவிடப் பெரிய மனிதர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கூச்சப்படாதது அவர் மூளையின் மிகச் சிறந்த பகுதி என்பேன். பெர்லினை ரஷ்யா முற்றுகையிட்டபோது சண்டை போடாமல், விட்டும் கொடுக்காமல் விமானத்தில் நிலக்கரியும் மாவும் கொண்டுபோய்க் கொட்டியது இன்னொன்று. மறுபக்கத்தையும் எழுதவேண்டும். சி.ஐ.ஏ. 1947இல் அவர் கையெழுத்தில் பிறந்தது. அரசு ஊழியர்களின் விசுவாசத்தைத் துருவும் ஆணை, கம்யூனிஸ்ட் வேட்டைக்குப் பேர்போன செனட்டர் மெக்கார்த்தி வாய் திறப்பதற்கு மூன்று வருடம் முன்பே அவர் போட்டது. காங்கிரஸில் போர்ப் பிரகடனம் இல்லாமலே அதிபர் ஒரு பெரிய போரை நடத்தலாம் என்ற வழக்கத்தைக் கொரியாவில் தொடங்கிவைத்தார்; அதன் பலனை வியட்நாமில் பார்த்தோம். அந்த வியட்நாமிலும், விடுதலைத் தலைவர் ஹோ சி மின் எழுதிய கடிதங்களுக்குப் பதில் போடாமல் 1950இல் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஆயுதம் கொடுக்கத் தொடங்கியது அவர் காலம்தான்.

பிறகு ஏன் ஏற்றிவைத்தார்கள்? வியட்நாம் போரும், நிக்சன் பதவியைக் குடித்த வாட்டர்கேட் ஊழலும் பார்த்துச் சலித்த அமெரிக்கர்களுக்கு, பொய் சொல்லாத, தன் தபால்தலைக்குத் தானே காசு கொடுக்கிற ஒரு தாத்தா தேவைப்பட்டார் என்பது பாதிக் காரணம். அதில் கொஞ்சம் கட்டுக்கதையும் கலந்திருக்கிறது. பதவிக்குப் பின் ராணுவ ஓய்வூதியம் தவிர வேறு இல்லாமல் ஏழையாகத் தவித்தார், அதனால்தான் 1958இல் முன்னாள் அதிபர்களுக்கு ஓய்வூதியச் சட்டமே வந்தது என்று நானும் வகுப்பில் உருக்கமாகச் சொல்லியிருக்கிறேன். அண்மையில் வெளியான குடும்ப ஆவணங்களில், 1953 கடைசியில் தன் சொத்து ஆறு லட்சம் டாலருக்கு மேல் என்று அவரே கைப்பட எழுதிய கணக்கு இருக்கிறது. அன்றைய மதிப்பில் அது செல்வந்தர். என்னிடம் அந்தப் பாடம் கேட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் திருத்திக்கொள்ளவும்.

மற்றப் பாதிக் காரணம் நியாயமானது. மேற்கு ஐரோப்பா எழுந்து நின்றது, பனிப்போர் அணுப்போராக மாறவில்லை, குண்டின் சாவி தளபதிகள் கையில் போகாமல் அதிபர் கையிலேயே நின்றது. மூன்றிலும் அவர் கை இருக்கிறது. வரலாற்று ஆய்வாளர்களிடம் சி-ஸ்பான் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி 2000, 2009 ஆண்டுகளில் நடத்திய கணிப்பில் ஐந்தாம் இடம், 2017, 2021இல் ஆறாம் இடம். அந்த ஓட்டுப் போட்டவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்கள். அவர்களுக்கு மார்ஷல் திட்டம் கனமாகத் தெரியும், பணிக்கரின் நள்ளிரவுச் செய்தி அடிக்குறிப்பாகத் தெரியும். என்னிடம் தாளைக் கொடுத்தால் பத்துக்குள் வைப்பேன், ஆறில் வைக்கமாட்டேன், ஒன்பதோ பத்தோ.